பூமலையா, மெக்ரிச்சியா, சுங்கை பூலோவா? சிங்கப்பூரில் பச்சை தேடிப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டித்தான் சூரியன் எழுகிறது. மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. தீவு இருக்கும் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிடக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதே காரணம். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கே நடக்கக் கிளம்புகிறவர்கள் கும்மிருட்டில் நிற்பார்கள். உச்சி வெயிலும் 12 மணிக்கு வராது, 1 மணிக்கு வரும். ஆக, வெயில் உறைக்காமல் நடக்கக் கிடைப்பது காலை 7 முதல் 10 வரை, பிறகு மாலை 5 முதல் 7 வரை. எந்தப் பூங்கா இந்த இரண்டு பொழுதில் எதற்குள் அடங்கும் என்று பார்த்தாலே இடத்தைத் தேர்வு செய்யும் வேலை பாதி முடிந்துவிடும்.

மீதிப் பாதி மழை. ஆண்டில் 150 நாளுக்கும் மேல் இடி இடிக்கும் ஊர் இது. பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு மேல் மேகம் கூடி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள்களில் விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் என்பதால் பயணத்தைத் தள்ளிவைத்தால் போதும், கைவிட வேண்டாம். டிசம்பர், ஜனவரி மழை வேறு ரகம். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். காட்டுப் பாதைகளில் மண் வழுக்கும். இடி இடிக்கும்போது மரத்தடியில் குடை பிடித்து நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை. கூரையுள்ள கட்டடம் எங்கே என்பதை நுழையும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவோடு போனால்

இங்குள்ள தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும், மரினா பே பக்கத்துக் ‘கார்டன்ஸ் பை த பே’க்கும் இடையில்தான் பெரும்பாலான வீடுகளில் விவாதம் நடக்கும். வயதானவர்கள் உடன் இருந்தால், காலை என்றால் பூமலை, மாலை என்றால் கார்டன்ஸ் என்பதே எங்கள் முடிவு. மாற்றிப் போனால் இரண்டுமே பாழாகும்.

பூமலை 1859இல் தொடங்கப்பட்டது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. 82 ஹெக்டர் பரப்பு, காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரிய மரங்களின் நிழல் பாதைகளை மூடியிருப்பதால் 10 மணி தாண்டியும் அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, நிலையத்தின் பெயரை நம்பி இறங்குவது. ‘பொட்டானிக் கார்டன்ஸ்’ எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் தோட்டத்தின் வடக்கு முனையில், புக்கிட் தீமா வாசலில் இருக்கிறது. அன்னக் குளமும் இசை மேடையும் தெற்கு முனையில், தங்ளின் வாசல் பக்கம் இருக்கின்றன. பெயரைப் பார்த்து வடக்கே இறங்கினால், முழங்கால் வலிக்காரர்கள் தோட்டத்தின் நீளம் முழுவதையும் நடந்து கடந்த பிறகுதான் 1866இல் வெட்டிய அந்தக் குளத்தைப் பார்ப்பார்கள். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் நேப்பியர் நிலையத்தில் இறங்குங்கள். தங்ளின் வாசலில் நுழைந்து, குளம், இசை மேடை, ஆர்க்கிட் தோட்டம் என்று மெதுவாக ஏறி, முடிந்தால் வடக்கே வெளியேறலாம், முடியாவிட்டால் வந்த வழியே திரும்பலாம். சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு மட்டும் வடக்கு வாசல் பொருந்தும். ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் அந்தப் பக்கம் இருக்கிறது. 14 வயது வரை உள்ளவர்களுக்கானது, திங்கட்கிழமை விடுமுறை. பிள்ளை இல்லாமல் வரும் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சிங்கப்பூர்வாசிகளுக்கு 5 வெள்ளி. காலை 8.30க்குத் திறக்கும். பூக்களில் பெரிதாக ஆர்வம் இல்லாதவர்களைக் கட்டணம் கொடுத்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ஒரு 5 வெள்ளித் தாளை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். தரைக்கு இணையாக ஒற்றைக் கிளையை நீட்டி நிற்கும் தெம்புசு மரம் அச்சாகியிருக்கும். அந்த மரம் இந்தத் தோட்டத்துப் புல்வெளியில் இன்றும் நிற்கிறது. வேர்களை மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். தாளைக் கையில் பிடித்து மரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பேரப்பிள்ளைகளைவிடத் தாத்தாக்களுக்குத்தான் குஷி.

தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இங்கே இருக்கிறது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் ரப்பர் நாற்றுகள் இங்கே வந்தன. 1888இல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகக் கீறிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கப்பல் கப்பலாக வந்ததற்கு வித்து விழுந்த இடம் இதுதான்.

கார்டன்ஸ் பை த பே 2012இல் திறந்தது. பகலில் அங்கே நிழல் போதாது. செயற்கைப் பெருமரங்கள் 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நின்றாலும், கீழே நிற்பவருக்கு அவற்றால் பெரிய குளிர்ச்சி இல்லை. 11 மணிக்குப் போய் வெந்து நொந்து திரும்பியவர்கள்தான் இந்த இடத்தைக் குறைசொல்கிறார்கள். மாலை 4.30 மணிக்குக் கண்ணாடிக் குடில்களுக்குள் நுழைய வேண்டும். உள்ளே 23 முதல் 25 டிகிரிதான் இருக்கும். வெளியே வெயில் தணிய அங்கே இரண்டு மணி நேரம் கழியும். ஒரு குடிலுக்கு மட்டுமே நேரம் இருந்தால் ‘கிளவுட் ஃபாரஸ்ட்’ குடில் போதும். 35 மீட்டர் உயரச் செயற்கை மலையின் உச்சிக்கு மின்தூக்கியில் ஏறி, பிறகு தாழ்வாரங்கள் வழியே இறங்கி வருவதுதான் அங்கே முறை என்பதால் மூட்டுவலிக்காரர்களும் பயப்பட வேண்டாம். பிறகு வெளியே வந்து, இரவு 7.45க்கு நடக்கும் ஒளி, ஒலிக் காட்சியை இலவசமாகப் பார்க்கலாம். 8.45க்கு இன்னொன்று உண்டு. இரண்டிலும் ஒரே கூட்டம்தான், ஆனால் முதல் காட்சி முடிந்ததும் எல்லோரும் பேஃபிரண்ட் நிலையத்தை நோக்கி நகர்வார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புவது நல்லது. குடில்கள் பராமரிப்புக்காக மாதத்தில் சில நாள் மூடப்படும். தேதியைப் பார்க்காமல் சீட்டு வாங்கக் கூடாது.

இந்த இரண்டையும் ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு ஜூரோங் ஏரித் தோட்டத்தைச் சொல்லலாம். ஏரியோரப் பகுதி 2019இல் திறந்தது; சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் புதுப்பிக்கப்பட்டு 2024 செப்டம்பரில் மீண்டும் திறந்தன. தரை சமமானது, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் தடையில்லாமல் போகும், கட்டணம் இல்லை. சுற்றுலாக் கூட்டமும் குறைவு. ஏரிக்கரையில் திறந்தவெளி அதிகம் என்பதால் இதுவும் காலை ஏழரைக்குப் போக வேண்டிய இடம்தான்.

நடக்கவே வருகிறோம் என்பவர்களுக்கு

மூன்று தேர்வுகள் இருக்கின்றன. மெக்ரிச்சி நீர்த்தேக்கம், புக்கிட் தீமா குன்று, தென்மேட்டுத் தொடர் எனப்படும் ‘சதர்ன் ரிட்ஜஸ்’. தூரம், ஏற்றம், நிழல் மூன்றிலும் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை.

மெக்ரிச்சிக்கு முதலிடம் கொடுப்போம். சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் இது. 1868இல் கட்டி முடித்தார்கள். சுற்றியிருப்பது உண்மையான காடு, உச்சி வெயிலிலும் பாதையில் நிழல் இருக்கும். பலரும் வருவது மரங்களின் உச்சிக்கு மேல் தொங்கும் 250 மீட்டர் நீளப் பாலத்துக்காக. அதிக உயரமான இடத்தில் அது காட்டுத்தரையிலிருந்து 25 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதல் தவறு, திங்கட்கிழமை வருவது. பொதுவிடுமுறையாக இருந்தாலொழிய அன்று பாலம் மூடியிருக்கும். மற்ற வார நாள்களில் காலை 9 மணிக்கும், சனி ஞாயிறில் 8.30க்கும் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். விடியலில் நடந்துபோய்ப் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வாரம்தோறும் உண்டு.

இரண்டாவது, நுழைவிடம். நீர்த்தேக்கத்தின் பிரதான வாசலிலிருந்து பாலத்துக்கு நாலு கிலோமீட்டருக்கும் மேல். சுற்றி வந்தால் 10 கிலோமீட்டர் தாண்டும்; மூன்றரை முதல் நாலு மணி நேரம் பிடிக்கும். பாலம் மட்டும் போதும் என்றால் அப்பர் தாம்சன் நிலையத்தில் இறங்கி, வீனஸ் டிரைவ் பக்கம் உள்ள வின்ட்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போகலாம். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் சுமார்; போய்வர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, திசை. பாலம் ஒருவழிப் பாதை. வனக்காவலர் நிலையப் பக்கமிருந்து ஏறி, பாலத்தைக் கடந்து, பெத்தாலிங் பாதையின் படிக்கட்டுகளில் இறங்கி, மீண்டும் காவலர் நிலையத்துக்கே வந்து சேர வேண்டும். பாதி வழியில் “போதும், திரும்பலாம்” என்பதற்கு வழியில்லை. உயரம் கண்டால் தலைசுற்றுபவர்கள் ஏறும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் நிரப்பிக்கொள்ள காவலர் நிலையத்தை விட்டால் வழியில் வேறு வசதி இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப் போவது அதிகமாகத் தோன்றும், இந்தப் புழுக்கத்தில் அதிகமில்லை.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீள்வால் குரங்குகளுக்கு நெகிழிப் பையின் சரசரப்பு என்றால் சோறு என்று அர்த்தம். பையை மறைக்க முயன்றாலும் அது அவற்றுக்கு அடையாளம்தான். உணவை மூடியுள்ள டப்பாவில் போட்டு, முதுகுப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடுங்கள். குரங்கு எதிரே வந்தால் கண்ணோடு கண் பார்க்காமல், பல் தெரியச் சிரிக்காமல், ஓடாமல் பக்கவாட்டில் நகருங்கள். பல் காட்டுவது அதன் மொழியில் மிரட்டல். வாழைப்பழம் நீட்டுவது புண்ணியக் கணக்கில் சேராது. வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டர்தான். எண்ணைக் கேட்டுச் சிரிப்பவர்கள் முதல் முந்நூறு மீட்டர் தார்ச்சாலையிலேயே மூச்சு வாங்குவார்கள், அவ்வளவு செங்குத்து. பியூட்டி வேர்ல்ட் நிலையத்திலிருந்து அடிவாரம் கால்மணி நேர நடை. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு அரைமணி முதல் முக்கால் மணி. உச்சியில் காட்சி எதுவும் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறோம். மரங்கள் மறைத்திருக்கும், உயரத்தைப் பொறித்த ஒரு பாறையோடு படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். நல்ல காட்சி வேண்டுமென்றால் அடிவாரத்தில் ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்காவுக்குள் சென்று, கைவிடப்பட்ட கருங்கல் குவாரியில் நீர் தேங்கி நிற்பதைப் பாருங்கள். தினமும் உடற்பயிற்சியாக ஏறுபவர்களுக்குப் புக்கிட் தீமா பொருத்தம். ஒரே ஒரு நாள் மட்டும் கையில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லமாட்டோம். காலை 7 முதல் மாலை 7 வரைதான் அனுமதி.

தென்மேட்டுத் தொடர் முழுவதும் 10 கிலோமீட்டர். அதில் பாதியே போதும், அதுவும் மாலையில். பெரும்பாலோர் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, மராங் பாதையின் படிகளில் ஏறி மவுண்ட் ஃபேபரில் தொடங்குகிறார்கள். கடினமான ஏற்றம் முதலிலேயே வந்துவிடும். அழகான பகுதியும் முதலிலேயே முடிந்துவிடும். இதைத் தலைகீழாக நடப்பது மேல். லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்கி, ஹோர்ட்பார்க் வழியாக அலெக்சாண்ட்ரா வளைவுப் பாலத்தைக் கடந்தால் 1.3 கிலோமீட்டர் நீளமான உயர் நடைபாதை தொடங்கும். இரும்பு வலை போட்ட தரை, கீழே காடு தெரியும். குதிகால் உயர்ந்த செருப்பின் முனை வலையில் சிக்கும். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. சரிவு மிதமானது என்பதால் சக்கர நாற்காலியும் இந்தப் பகுதியில் போகும். மேலே கூரையோ மரக்கிளையோ இல்லை, அதனால்தான் 5 மணிக்கு முன்னால் வேண்டாம் என்கிறோம். பிறகு தெலுக் பிளாங்கா குன்று, அதன்பின் ஹெண்டர்சன் அலைப் பாலம். 274 மீட்டர் நீளம், சாலைக்கு 36 மீட்டர் மேலே. அலைமடிப்புகளுக்குள் மரப்பலகை இருக்கைகள் உண்டு. சூரியன் சாயும்போது அங்கே உட்கார்ந்துவிட்டு, விளக்கு எரியும் நேரத்தில் மவுண்ட் ஃபேபருக்கு வந்து, மராங் படிகளில் இறங்கினால் நிலையம். மொத்தம் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம்.

ஈரநிலம்: கடல் ஏறி வற்றும் ஓதத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்

சுங்கை பூலோ வடமேற்கு மூலையில், புலாவ் உபின் தீவின் செக் ஜாவா வடகிழக்கில். இரண்டும் அலையாத்திக் காடுகள், இரண்டும் இலவசம். ஒரு வேறுபாடு போதும் முடிவெடுக்க. சுங்கை பூலோவில் பறவைகளைப் பார்க்க ஓதம் ஏறியிருக்க வேண்டும், செக் ஜாவாவில் கடலடி உயிர்களைப் பார்க்க ஓதம் வற்றியிருக்க வேண்டும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியப் பக்கமிருந்து கரைப்பறவைகள் சுங்கை பூலோவுக்கு வருகின்றன. ஓதம் வற்றியிருக்கும்போது அவை வெளியே சேற்றுவெளியில் சிதறி மேயும், தொலைநோக்கியிலும் புள்ளிகள்தான். கடல் ஏறிச் சேறு மூழ்கியதும் எல்லாம் கூட்டமாக உள்குளங்களுக்கு வந்து ஒற்றைக்காலில் நிற்கும். அப்போதுதான் மறைகுடிலில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க முடியும். வேடந்தாங்கல் போல மரம் நிறையக் கூடுகளை எதிர்பார்க்க வேண்டாம். இவை இங்கே குஞ்சு பொரிப்பதில்லை, இரை தேடி இளைப்பாறவே வருகின்றன. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பறவைக்காக இவ்வளவு தூரம் வருவது வீண். உடும்பும், அதிர்ஷ்டம் இருந்தால் உவர்நீர் முதலையும் எல்லா மாதங்களிலும் உண்டு. பாதையை விட்டு நீரோரம் இறங்கக் கூடாது என்பதற்கு அந்த முதலையே காரணம். கிராஞ்சி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து போகும். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். முழுக்கை சட்டையும் கொசுமருந்தும் இல்லாமல் போகாதீர்கள்.

செக் ஜாவாவுக்கு ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும். தானா மேரா நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ், அங்கே படகுத்துறை. பம்போட் எனப்படும் மரப்படகில் 12 பேர் சேர்ந்ததும் கிளம்புவார்கள். ஆளுக்கு 4 வெள்ளி. கால அட்டவணை கிடையாது. சனி ஞாயிறில் ஐந்து நிமிடத்தில் 12 பேர் சேர்ந்துவிடுவார்கள், செவ்வாய்க்கிழமை காலையில் காத்திருக்க நேரிடும். தீவில் இறங்கியதும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி, வண்டியைத் தள்ளிப் பாருங்கள், இருக்கை உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். செக் ஜாவா போகும் வழியில் சரளைக்கல் சரிவுகள் உண்டு. பிரேக் பிடிக்காத சைக்கிளில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்ளும் இடம் அதுதான். சதுப்புநிலத்தின் வாசலிலேயே சைக்கிளை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பலகைப் பாதையில் நடக்க வேண்டும். ஓத அட்டவணையில் நீர்மட்டம் அரை மீட்டரோ அதற்குக் கீழோ காட்டும் நேரத்துக்கு அங்கே இருந்தால் சேற்றில் தாவும் மீன்கள், ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள், கடற்புல் திட்டுகள் எல்லாம் காலடியில் தெரியும். பிச்சாவரத்தில் படகிலிருந்து பார்ப்பதை இங்கே நடந்து பார்க்கலாம். ஓதம் ஏறிய நேரத்தில் போனால் தெரிவது வெறும் பழுப்புத் தண்ணீர்.

மீதி நேரத்துக்கு

ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. நேர்க்கோட்டில் ஓடிய 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டு 2012இல் திறந்தார்கள். இன்று அங்கே நீர்நாய்க் குடும்பங்கள் மீன் பிடிக்கின்றன. குட்டிகளோடு இருக்கும்போது தாய் கடிக்கத் தயங்காது, நாலைந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஆற்றங்கரைப் புல்லில் பிள்ளைகள் விளையாடலாம், ஆனால் மேற்கே எங்கோ பெய்த மழைக்கும் இங்கே நீர் மளமளவென ஏறும். எச்சரிக்கை விளக்கு சுழன்று ஒலிபெருக்கி கத்தினால் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும்.

கிழக்குக் கடற்கரைப் பூங்கா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம், 15 கிலோமீட்டர் சைக்கிள் பாதை, வாட்டியுண்ணும் அடுப்புகளை முன்பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூனில் மரின் பரேட், சிக்லாப் எம்ஆர்டி நிலையங்கள் திறந்த பிறகு கார் இல்லாதவர்களுக்கும் எளிதாகிவிட்டது. சைக்கிளை எடுத்ததும் முதலில் காற்றுக்கு எதிராக ஓட்டுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்.